டபுள் எக்ஸ்எல் அபி

திருப்பூர்
12.6.2024

குல்சார் அக்காவுக்கு,

வெட்டின துணி மூட்டைக்குள் இந்தக் கவரைப் பார்த்ததும் எரிச்சல்படுவீர்கள். வேறு வழி தெரியவில்லை. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மகள் ஜோதிகாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். இங்கிருந்து தினமும் பொங்கலூர் யூனிட்டுக்குப் போவது கம்பெனி வேன் ஒன்றுதான். டிரைவர் மூக்கையா அண்ணன், "ஒரே டிபன் டப்பால தின்ன ஆளுக, இப்பம் லெட்டரா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றுதான்.

எட்டு வருடமாக நான் ஷிப்பிங் கடிதங்கள் எழுதுகிற நேரம் போக மீதி நேரத்தில் உங்கள் சாம்பிள் ரூமுக்கு வந்து நிற்பேன். டபுள் எக்ஸ்எல் பேன்ட், நைட்டி எது வந்தாலும் என் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் அளவு முடிப்பீர்கள். சுவரில் அளவுப் பலகையில் என் பெயரே இருக்கிறது. "டேப் தப்பாச் சொல்லும், அபி உடம்பு சொல்லாது" என்று வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வரும் பையர்களிடம் பெருமையாகச் சொல்வீர்கள். ஜனவரியில் என் இடுப்புச் சுற்று ஐம்பது அங்குலம். ஏப்ரலில் புது ஆர்டருக்கான பைஜாமா பேன்ட் என் மேல் தொளதொளவென்று நின்றது. பேட்டர்ன் தப்பு என்று நினைத்து இரண்டரை அங்குலம் உள்ளே பிடித்து ஊசி குத்தினீர்கள். போட்டோ போனது, பையர் சரி என்றான், ஆறாயிரம் பீஸ் வெட்டியாயிற்று. மே மாதம் பையரின் டபுள் எக்ஸ்எல் ஆளுக்குப் போட்டுப் பார்த்தால் தொடைக்கு மேல் ஏறவில்லை.

மேனேஜர் சென்னியப்பன் சார் நம் இருவரையும் நிற்க வைத்து, "ஏனுங்கம்மா, எடை கிடை குறைச்சீங்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லீங்க சார் என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, "நான்தான் தப்பாப் பிடிச்சிருப்பேனுங்க" என்றீர்கள். உங்களைப் பொங்கலூருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பத்து கிலோ குறைத்திருந்தேன் அக்கா. மேயில் அவர் கேட்டபோது பன்னிரண்டு. சேலை கட்டுகிறவள், வெளியே தெரியவில்லை.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அபிராமி

*

பொங்கலூர்
20.6.2024

அபிராமிக்கு,

பன்னிரண்டு கிலோ என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? மேனேஜர் ரூமில் உன்னைத் திரும்பிப் பார்த்தேனே, அப்போதே தெரிந்துவிட்டது. எட்டு வருடம் அளந்த உடம்பு. மார்ச்சில் "என்னடி முகம் வத்திக் கிடக்கு?" என்று கேட்டேன். "வெயில்க்கா" என்றாய். நம்பினேன்.

இங்கே என்ன வேலை தெரியுமா? நீ போட்டுப் பார்த்த அதே பேன்ட். ஆறாயிரம். ஒவ்வொன்றிலும் டபுள் எக்ஸ்எல் லேபிளைப் பிரித்து, எக்ஸ்எல் லேபிள் வைத்துத் தைக்க வேண்டும். பதினான்கு பெண்களோடு உட்கார்ந்து நானும் ஊசியால் நூல் பிரிக்கிறேன். ஹாஸ்டலில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் மங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன்.

அது போகட்டும். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அளவுத் தவறு முழுக்க என் கவனக்குறைவு என்று இருக்கிறது. போட்டால் என் ஃபைலில் ஏறிவிடும். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் என்னை சாம்பிள் ரூமுக்குள் விடாது. இருபத்திரண்டு வருட வேலை.

பெருநாளுக்கு மகள் மெஹ்ஜபின் உனக்கும் ஒரு டப்பா கட்டி வைத்தாள். கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

இனி எழுதாதே. எழுதினால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். என்னிடம் ஏன் மறைத்தாய்?

குல்சார் பேகம்

*

திருப்பூர்
24.6.2024

அக்கா,

இந்தக் கேள்விக்குப் பதிலை நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

ஜனவரியில் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்களே, நீங்கள் லீவில் இருந்தீர்கள். மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி நான்கு. எடை தொண்ணூற்றிரண்டு. அந்த டாக்டரம்மா அதட்டவில்லை. "இப்போ மாத்திரை வேண்டாம். சாப்பாட்டையும் நடையையும் ஆறு மாசம் ஒழுங்கா பாருங்க, திரும்பிடும்" என்றார். மாடிப்படியில் முட்டி வலித்து நடுவில் நிற்கிறேனா என்றும் கேட்டார். நிற்பேன். நூல் கணக்குப் பார்ப்பதுபோல் நின்று கொள்வேன்.

முன்பு நான்கு தடவை ஆரம்பித்திருக்கிறேன். எல்லாத் தடவையும் முதல் நாளே ஊருக்கெல்லாம் சொன்னேன். ஆபீசில், "அபி மேடம் டயட்டாம், அந்த பஜ்ஜியை இங்கிட்டு வைங்க" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பத்தாம் நாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிடுவேன். அதனால் இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை.

இது பாதிப் பதில்தான். மீதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கல்யாண வீட்டில் நாற்காலி தேடும்போது, ஷேர் ஆட்டோவில் ஏறும்போது, ரெடிமேட் கடையில் அந்தப் பெண் என் காதருகே வந்து "உங்க சைஸ் வராதுங்க" என்னும்போது, என் உடம்பு எங்கேயும் தப்பாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் சாம்பிள் ரூமில் மட்டும் அது சரியான அளவு. அங்கே துணிதான் எனக்கு ஏற்ப மாறும். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு நீங்கள், "அசையாதடி, பர்ஃபெக்ட்டா நிக்கிற" என்பீர்கள். வேறு யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. எடை குறைகிறது என்று சொன்னால் மறுநாளே வேறு ஆள் பார்க்கச் சொல்வார்கள். உடம்பும் குறைய வேண்டும், அந்த இடமும் போகக் கூடாது என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டேன். மேனேஜர் கேட்டபோதும் வாயில் வந்தது அந்த ஆசைதான்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் அடுத்த ஆர்டருக்கு ஃபிட்டிங். அதற்குள் பழைய அளவுக்கு வந்துவிடுவேன். நடையை நிறுத்திவிட்டேன். காலையில் ஆறு இட்லி, நாலு மணிக்கு பஜ்ஜி, இரவு பரோட்டா. பதினைந்து நாளில் மூன்று கிலோ ஏறிவிட்டது. ஐம்பது அங்குலம் வந்துவிட்டால் பலகையும் நானும் ஒன்றாகிவிடுவோம். இன்னொரு லாட் கெடாது.

அபிராமி

*

பொங்கலூர்
25.6.2024

அபி,

நேற்றுக் கடிதம் வந்தது, இன்றே எழுதுகிறேன். வேன் கிளம்பப் போகிறது.

உனக்குப் பைத்தியமா? பலகையில் இருக்கிற எண்ணுக்காக ஒரு பொம்பளை தின்றே உடம்பை ஏற்றுவாளா? எழுதுவதைப் பார், "வழி கண்டுபிடித்திருக்கிறேன்" என்று!

என் வீட்டுக்காரர், உன் நஜீமுதீன் அண்ணனை நீ பார்த்ததில்லை. நான் இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். அவருக்கும் சர்க்கரை முதலில் எல்லைக்கோட்டில்தான் இருந்தது. "கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டு டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக்கொள்வார். ஒரு நாள் செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம். ஆணி ஏறி எத்தனை நேரமோ, அவருக்கு வலிக்கவே இல்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முட்டி வரை எடுத்தார்கள். மெஹ்ஜபினுக்கு அப்போது ஒன்பது வயது.

நாளைக் காலையிலிருந்து நட. அந்த பரோட்டாவை விடு. டாக்டரம்மா என்ன சொன்னாரோ அதைச் செய்.

என் கையெழுத்து விஷயத்தில் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. எனக்கு உன் மேல் கோபம். அதற்காக உன் காலை எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

குல்சார்

*

திருப்பூர்
12.7.2024

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன். மறுநாளே நடக்கப் போனேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பள்ளி மைதானம். காலை ஐந்தரைக்கு நாற்பத்தைந்து நிமிடம். வேகமாக நடக்க ஆரம்பித்தால் முட்டி மறுக்கிறது, அதனால் முதல் பத்து நிமிடம் மெதுவாக. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பன்னிரண்டு தடவை. கேட்க எளிதாக இருக்கும், எட்டாவதில் தொடை நடுங்கும்.

சாப்பாட்டில் எதையும் முழுசாக விடவில்லை. முந்தைய தடவைகளில் சோற்றையே விட்டேன், அதனால்தான் பத்தாம் நாள் தோற்றேன். இப்போது காலையில் மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார். மதியம் ஒரு கரண்டி சோறு, இரண்டு பங்கு பொரியல், ஒரு முட்டை. சர்க்கரையில்லாத டீ முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது சர்க்கரை போட்டால்தான் குமட்டுகிறது. நாலு மணிக்கு அவித்த சுண்டல் கொண்டுபோகிறேன். போன செவ்வாய்க்கிழமை பக்கத்து மேசையில் மிளகாய் பஜ்ஜி மணந்தது. மூன்று தின்றேன். முன்பென்றால் "எல்லாம் போச்சு" என்று அன்று இரவே பழைய கதைக்குத் திரும்பியிருப்பேன். இந்தத் தடவை மறுநாள் காலை எழுந்து நடந்தேன், அவ்வளவுதான். ஏறின மூன்று கிலோவில் இரண்டு இறங்கிவிட்டது.

வீட்டில் மாரிச்செல்வம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். "ஊருக்குப் போனா நான் உனக்குச் சோறு போடலன்னு நினைப்பாக" என்கிறார். ஜோதிகா அவரிடம், "அப்பா, நீங்களும் அம்மா கூட நடங்க, ரெண்டு பேருக்கும் சோறு போடலன்னு நினைக்கட்டும்" என்றாள். இன்னும் அவர் வரவில்லை.

நீங்கள் குழப்பாதே என்றீர்கள். ஆனால் நடக்கும்போது அதுதான் அக்கா மண்டைக்குள் ஓடுகிறது. இரண்டு தடவை மேனேஜர் அறை வரைக்கும் போனேன். ஒரு தடவை உள்ளே ஆள் இருந்தது. இன்னொரு தடவை யாரும் இல்லை. "என்னங்கம்மா?" என்றார். ஷிப்பிங் பில்லைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அபிராமி

*

பொங்கலூர்
18.7.2024

அபி,

நேற்றோடு லேபிள் வேலை முடிந்தது. கடைசிப் பேன்ட்டைப் பிரித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ எழுதின சாப்பாட்டை இங்கே மெஸ்ஸில் மருதாளிடம் படித்துக் காட்டினேன். கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க்கா, பொழுதன்னிக்கும் வேலை செய்யற புள்ளைங்களுக்கு சோத்தைக் கொறைக்கச் சொல்றீங்களாக்கும்?" என்றாள். "அதுங்களுக்குக் கொறைக்க வேண்டாம். கீரையும் பயறும் சேத்திப் போடு. எனக்கு மட்டும் கொறை" என்றேன். "உங்களுக்குங்களா? நீங்க திங்கறதே கோழி கொத்தற மாதிரி, ஆனா டீ மட்டும் ஆறு தடவைங்க" என்றாள். எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். ஆறிலும் சர்க்கரை. பிறகு எனக்கும் ரத்தம் பார்த்தேன். எண்ணை உனக்குச் சொல்ல மாட்டேன். நன்றாக இல்லை.

யூனிட் காம்பவுண்டை ஒரு சுற்று நடந்தால் நானூறு அடி. காலையில் பத்து சுற்று வருகிறேன். ஹாஸ்டல் பிள்ளைகள் நாலைந்து பேர் கூட வருகிறார்கள். ஒடிசாப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "அக்கா, ஸ்பீட், ஸ்பீட்" என்கிறாள்.

கையெழுத்துக் காகிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் பதின்மூன்று நாள். போட மாட்டேன் என்றால் வேலையை விட வேண்டியதுதான். போட்டால் பொய்யில் பாதி என்னுடையதாகிவிடும். நான் அன்றே மேனேஜரிடம் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் ஒன்றுதான். நீயே சொல்வாய் என்று நினைத்தேன். அந்த ரூமில் நின்ற அரை நிமிடமும் அதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

குல்சார்

*

திருப்பூர்
30.7.2024

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஃபிட்டிங்கை ஒரு வாரம் முன்னால் இன்றைக்கே வைத்துவிட்டார்கள். உங்கள் இடத்தில் நித்தீஷ் என்று ஒருவன் இருக்கிறான், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவன், நல்ல பிள்ளை. "மேடம், போர்டுல இருக்கிற அளவேதானே? போட்டுக்கவா?" என்றான்.

சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "இல்ல தம்பி, டேப் எடுங்க. முதல்ல மேனேஜர் சாரைக் கூப்பிடுங்க" என்றேன்.

சார் வந்தார். கூடவே ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர்கள் இரண்டு பேர், செக்கிங் பெண்கள் வாசலில். அவர்களில் செல்லத்தாயை அளக்கச் சொன்னேன். அவள் என் காதில், "எக்கா, மெதுவாச் சொல்லட்டுமா?" என்றாள். "சத்தமாச் சொல்லு" என்றேன்.

"நாப்பத்தேழு."

சார் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னங்கம்மா, இங்க அம்பதுன்னு இருக்குது?"

"அது ஜனவரிங்க சார். ஏப்ரல்ல போட்டோ எடுத்தப்ப நாப்பத்தேழரை இருந்திருக்கும். நான் எடை குறைச்சுக்கிட்டிருந்தேன். அக்காகிட்ட சொல்லல. நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். அது பொய்ங்க."

யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை.

"ஆறாயிரம் பீஸுங்கம்மா" என்றார் சார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு, "அந்தம்மாவுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"என்னைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சுங்க."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நான் சொல்லுவேன்னு பார்த்தாங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் காகிதத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வதாகவும், விளக்கம் இனி நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சாயந்திரமே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ஃபைலில் ஏறும். ஏறட்டும். சாம்பிள் ரூமுக்கு இனி நான் வர வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்களாம். நித்தீஷ் ஈரத் துணியால் பலகையில் என் பெயரைத் துடைத்தான். பாவம், தலையைக் குனிந்துகொண்டே துடைத்தான். எட்டு வருட எழுத்து, ஒரே தடவையில் போகவில்லை.

கீழே இறங்கிவரும்போது படியில் நிற்கவில்லை என்பது தரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. என் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அந்த அறையில் நின்றால்தான் நான் சரியான அளவு என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். அது போன பிறகு என்ன மிச்சம் என்று தேடிப் பார்த்தேன். பசித்தது. சுண்டலை எடுத்துச் சாப்பிட்டேன்.

மன்னிப்பு என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் இரண்டு மாதத்தை அந்தச் சொல்லால் திருப்பித் தர முடியாது.

அபிராமி

*

பொங்கலூர்
1.8.2024

அபி,

நேற்று மத்தியானம் சென்னியப்பன் சாரே போன் செய்தார். முதல் ஐந்து நிமிடம் மழை, நூல் விலை என்று சுற்றிவிட்டு, "திங்கக்கிழமை சாம்பிள் ரூமுக்கு வந்துடுங்கம்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் திகைத்துப்போனது போனிலேயே தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு வருகிறேன் என்றேன். அரை மணி நேரமாவது அவர் காத்திருக்கட்டும் என்றுதான்.

கையெழுத்துக் காகிதத்தைத் திருப்பி அனுப்பும்போது நானும் இரண்டு வரி எழுதி வைத்தேன். "ஏப்ரலில் நான் டேப் எடுத்து அளக்கவில்லை. பலகையை நம்பினேன்." அது என் தப்பு. உன் பொய்க்கு நான் பொறுப்பில்லை, என் டேப்புக்கு நான்தான் பொறுப்பு. உடம்பு தப்பாகச் சொல்லாது என்று எட்டு வருடம் பீற்றினவள் நான்தானே. உடம்பு சரியாகத்தான் சொன்னது. நான்தான் கேட்கவில்லை.

அன்று அத்தனை பேர் முன்னால் "சத்தமாச் சொல்லு" என்றாயாமே. மூக்கையா வந்து நடித்தே காட்டினார். செல்லத்தாய் குரல், உன் குரல், மேனேஜர் குரல், மூன்றையும் ஒருவரே பேசினார். மருதாள் கரண்டியோடு நின்று கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு நெஞ்சுத் தைரியமுங்க" என்றாள். "ரெண்டு மாசம் லேட்டா வந்த தைரியம்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் பதில் தெரியாது. கோபம் இன்னும் நிறைய இருக்கிறது. நாற்பது நாள் லேபிள் பிரித்த கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு உங்கள் பள்ளி மைதானத்துக்கு வருகிறேன். மெஹ்ஜபின் வண்டியில் கொண்டுவந்து விடுவாள். முதல் நாலு சுற்றும் நான் திட்டுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது, நிற்கவும் கூடாது. நின்றால் மூச்சு வாங்குகிற சாக்கில் அழுவாய், எனக்குத் தெரியும். ஐந்தாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கும்.

அப்போது நீ பேசு.

குல்சார் அக்கா